'என்கவுண்டர்' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

(படவேட்டில் விவசாயத் தொழிலாளர்களும், விடுமுறையில் ஊர் வந்திருந்த மில் தொழிலாளர்களும் கூடிய வகுப்பில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த வகுப்பில் கூலி, குத்தகை, விலைவாசி என்றுதான் பேசுவோம். இன்றைக்கு இங்கிலீஷ் பாடம். பயப்படாதீர்கள், ஒரே ஒரு வார்த்தைதான். அதுவும் உங்களில் கைநாட்டு வைப்பவருக்குக்கூடத் தெரிந்த வார்த்தை. 'என்கவுண்டர்'.

ஏன் இதை எடுத்துக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு தோழர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு. உள்ளே இங்கிலீஷ் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். கதையில் ஒரு வழிப்போக்கன் காட்டு வழியே போகிறான். அங்கே ஒரு கிழவரை 'என்கவுண்டர்' செய்கிறான் என்று வருகிறது. தோழர் வெடுக்கென்று திரும்பினார். "ஏம்மா, கிழவனைச் சுட்டுட்டானா?" என்றார். "இல்லப்பா, வழியில பார்த்தானாம். சந்திச்சான்னு அர்த்தம்" என்றாள் மகள். "இதே அர்த்தத்துல வேற நாலு வார்த்தை எழுதணும், சொல்லுங்கப்பா" என்றும் கேட்டாள். தோழர் பதில் சொல்லவில்லை. 2015-க்குப் பிறகு இந்த வட்டாரத்தில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் சொல்ல யாருக்கு நாக்கு எழும்?

அந்தக் குழந்தையின் வீட்டுப் பாடத்தைத்தான் இன்று நாம் எல்லோருமாகச் செய்யப்போகிறோம்.

வார்த்தைகள் தேய்வதையும் மாறுவதையும் படவேட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பெயரே அப்படி மாறியதுதானே! படைவீடு என்பதுதான் படவேடு ஆயிற்று. படை தங்கிய இடம், பாசறை என்று அர்த்தம். சம்புவராயர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணன் படையெடுத்து வந்து அவர்களை அடக்கினான். ராஜாவும் போனான், படையும் போயிற்று. இப்போது வாழைத் தோட்டமும், ரேணுகாம்பாள் கோயிலும், செண்பகத்தோப்பு அணையும் இருக்கின்றன. பெயரில் மட்டும் அந்தப் படை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வார்த்தைக்குள் படை ஒளிந்திருப்பது உங்களுக்குப் பழக்கமான விஷயம் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, 'என்கவுண்டர்' எங்கிருந்து வந்தது? சுமார் 700 வருஷங்களுக்கு முன் பிரெஞ்சு மொழியிலிருந்து இங்கிலீஷுக்கு வந்தது. அதற்கும் முந்திய வேர் லத்தீன் மொழியில் 'காண்ட்ரா'. எதிர், எதிரே என்பது அதன் பொருள். ஆகவே 'என்கவுண்டர்' என்றால் எதிரே வருதல், எதிர்ப்படுதல். அவ்வளவுதான். டிக்கெட் வாங்குகிற கவுண்டர் இதற்குச் சொந்தமில்லை. அது எண்ணுவது என்ற வேறு வேரிலிருந்து வந்தது. ஆனால் நாடு என்று பொருள்படும் 'கண்ட்ரி' இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். கண்ணுக்கு எதிரே விரிந்து கிடக்கிற நிலம் என்ற கருத்தில் பிறந்தது. பாருங்கள், நாடும் என்கவுண்டரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்!

நம் தமிழில் 'எதிர்' என்ற சொல்லும் அப்படியேதான் நடக்கிறது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தால் எதிர்கொண்டு அழைக்கிறோம். கடைவீதியில் பழைய சிநேகிதன் எதிர்ப்படுகிறான். பண்ணையார் அடியாளை அனுப்பினால் எதிர்த்து நிற்கிறோம். அன்பும் அதே சொல்லில் இருக்கிறது, தற்செயலும் இருக்கிறது, சண்டையும் இருக்கிறது. இங்கிலீஷ் அகராதியிலும் இந்த மூன்றும் உண்டு. எதிர்பாராமல் சந்திப்பது, ஒரு கஷ்டத்தை நேருக்கு நேர் காண்பது, இரண்டு படைகள் முட்டிக்கொள்வது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நோயாளி டாக்டரைப் பார்க்கப் போனால் அந்தச் சந்திப்பையே 'என்கவுண்டர்' என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். மருந்து கொடுத்து அனுப்புகிற என்கவுண்டர்!

குழந்தை கேட்ட மாற்றுச் சொற்களுக்கு வருவோம். 'மீட்டிங்' என்று எழுதலாம். அது நமக்குக் கூட்டம் என்றே பழகிவிட்டது. 'கிளாஷ்' என்று எழுதலாம், மோதல். 'ஸ்கர்மிஷ்' என்று ஒன்று உண்டு. பெரிய யுத்தம் இல்லை, சிறு கைகலப்பு. 'கன்ஃப்ரண்டேஷன்' என்று நீளமாக ஒன்று. முகத்துக்கு முகம் நிற்பது. 'என்கேஜ்மெண்ட்' என்பது இன்னும் வேடிக்கை. படைகள் பொருதுவதற்கும் அதே சொல், கல்யாண நிச்சயதார்த்தத்துக்கும் அதே சொல்.

இத்தனை சொற்களையும் ஒரு வரிசையில் நிறுத்திப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் வேண்டும். சந்திப்புக்கு இரண்டு பேர். மோதலுக்கு இரண்டு பேர். முகத்துக்கு முகம் என்றால் இரண்டு முகம். இரு கை தட்டினால்தானே ஓசை? இன்னொன்று: பல இடங்களில் அதில் ஒரு தற்செயல் இருக்கிறது. திட்டம் போட்டு, ஆளைப் பிடித்து வந்து உட்கார வைத்துப் பார்ப்பதற்கு எதிர்ப்படுதல் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் பம்பாயில் சில போலீஸ் அதிகாரிகளுக்கு 'என்கவுண்டர் ஸ்பெஷலிஸ்ட்' என்றே பட்டம் கொடுத்தார்கள். பத்திரிகைகள் பெருமையாக எழுதின, சினிமாவும் எடுத்தார்கள். கண் ஸ்பெஷலிஸ்ட் இருக்கலாம், இருதய ஸ்பெஷலிஸ்ட் இருக்கலாம். தற்செயலாக எதிர்ப்படுவதில் ஸ்பெஷலிஸ்ட் எப்படி இருக்க முடியும்? அந்தப் பட்டமே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டது. உடைத்தும் நாம் சிரித்துவிட்டுச் சினிமா பார்த்தோம்.

ஆயுதமில்லாதவர்களைச் சுட்டு, அதற்கு ஒரு பெயர் சூட்டும் வழக்கம் புதிதல்ல. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பூட்டிய சிறைக்குள் எதிர்ப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே கைதிகள் தாக்கினார்கள், கலகம் என்று சொன்னார்கள். பிற்பாடு வந்த வார்த்தைதான் இந்த என்கவுண்டர். இந்த ஜவ்வாது மலைக்கு மேற்கே திருப்பத்தூர், தர்மபுரி வட்டாரங்களில் 1980-81-ல் நக்சலைட் இளைஞர்கள் பலர் 'மோதலில்' இறந்ததாகச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. போலீஸாரும் அங்கே உயிரிழந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் முதியவர்களைக் கேட்டால் அந்த வார்த்தையை எப்போது முதன்முதலில் கேட்டார்கள் என்று சொல்வார்கள். ஒரு மூதாட்டி இதைக் காதில் வாங்கிக்கொண்டு, "எந்தக் கவுண்டரு, சாமி?" என்று கேட்டாராம். மலையாளி மக்கள் ஆண்களைக் கவுண்டர் என்றுதானே மரியாதையாக அழைப்பார்கள்! 'என் கவுண்டர்' என்று அவர் காதில் விழுந்திருக்கிறது.

இனி நம் வாசலுக்கு வருகிறேன்.

2015 ஏப்ரல் 7. விடியற்காலை. திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காடு, சந்திரகிரிப் பக்கம். ஆந்திர சர்க்காரின் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப் படை சுட்டது. இரண்டு இடங்களில், ஓரிடத்தில் 9 பேர், மற்றோர் இடத்தில் 11 பேர். மொத்தம் 20 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். பெரும்பாலோர் நம் திருவண்ணாமலை ஜில்லாவும் தர்மபுரி ஜில்லாவும். ஜவ்வாது மலையிலிருந்து போனவர்கள் உண்டு, சித்தேரி மலையிலிருந்து போனவர்கள் உண்டு. இந்தப் படவேட்டைச் சுற்றிய வேட்டகிரிபாளையம், காளசமுத்திரம் போன்ற ஊர்களிலிருந்தும் போனார்கள். அந்த வீடுகளுக்கு நீங்கள் போயிருக்கிறீர்கள். நான் விவரிக்கத் தேவையில்லை.

போலீஸார் சொன்னது என்ன? நூற்றுக்கு மேற்பட்ட மரவெட்டிகள் கல்லாலும் கோடாலியாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றார்கள். என்கவுண்டர் என்றார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதே வார்த்தை.

அகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். என்கவுண்டருக்கு இரண்டு பக்கம் வேண்டும். இங்கே ஒரு பக்கம் 20 உயிர் போயிற்று. மறுபக்கம் ஓர் உயிரும் போகவில்லை. அடர்ந்த காட்டில், இருட்டு விலகாத நேரத்தில், நூறு பேர் சிதறி ஓடுகிற இடத்தில் நடந்த மோதலில் இப்படி ஒரு கணக்கு வருமா என்று கேட்பதற்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை. காட்டில் விறகு வெட்டியவன் யாரும் கேட்பான்.

தற்செயல் என்ற அர்த்தமாவது நிற்கிறதா? உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமைக் கமிஷன் முன் போய்ச் சாட்சி சொன்னார்கள். கூட வந்தவர்களைப் பஸ்ஸிலிருந்து போலீஸார் இறக்கிக்கொண்டு போனார்கள் என்று சொன்னார்கள். அதில் ஒருவர் தப்பியது எப்படித் தெரியுமா? பஸ்ஸில் இடமில்லாமல் கூட்டாளிகளைவிட்டுத் தள்ளி, ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குடும்பத்தோடு வந்தவர் என்று நினைத்து விட்டுவிட்டார்களாம். இந்தச் சாட்சியம் உண்மையானால், காட்டில் யாரும் யாருக்கும் எதிர்ப்படவில்லை. ஆட்கள் பஸ்ஸிலிருந்து கொண்டுபோகப்பட்டார்கள். அப்போது அது எந்த மொழியிலும் என்கவுண்டர் ஆகாது.

ஹைகோர்ட் உத்தரவின்பேரில் 6 பேருடைய பிரேதங்கள் இரண்டாவது தடவையாகப் பரிசோதிக்கப்பட்டன. அதற்குக் காரணம் ஒரு விதவை கோர்ட்டுக்குப் போனதுதான். மனித உரிமைக் கமிஷன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தரவும், சி.பி.ஐ. விசாரிக்கவும் சிபாரிசு செய்தது. சிபாரிசு செய்தது என்று நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டு பக்கத்தையும் பேசுவதாகச் சொன்னேன் அல்லவா? அதே காட்டில் 2013 டிசம்பரில் இரண்டு வன அதிகாரிகள் மரவெட்டிகளால் கொல்லப்பட்டார்கள். அவர்களும் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள், அவர்களுக்கும் குடும்பம் உண்டு. அந்தக் கொலைக்காகத் தமிழ்நாட்டுக் கூலிகள் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டுச் சிறையில் கிடந்தார்கள். 2016-ல் திருப்பதிக் கோர்ட்டு 280-க்கு மேற்பட்டோரைக் குற்றம் ரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தது யார் கணக்கில்? ஆனாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அவர்கள் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப்பட்டதால் குற்றமில்லை என்று சொல்ல ஓர் இடம் இருந்தது. 20 பேருக்கு அது இல்லை.

மரம் வெட்டியது சரியா என்று கேட்பார்கள். சரியில்லை. செம்மரம் உலகத்திலேயே அந்த நாலைந்து மலைகளில்தான் விளைகிறது. வெட்டினால் அழியும். ஆனால் வெட்டியவன் அதை என்ன செய்தான்? வீட்டில் கட்டில் செய்தானா? ஒரு ஏஜெண்ட் ஊருக்கு வருகிறான், முன்பணம் கொடுக்கிறான். சாமை பொய்த்த வருஷம், புளி விலை போகாத வருஷம் பார்த்து வருகிறான். கட்டை தோளில் ஏறி, லாரியில் ஏறி, துறைமுகத்தில் கப்பல் ஏறிச் சீனாவுக்குப் போகிறது. தோளில் சுமந்தவனுக்கும் கப்பலில் ஏற்றியவனுக்கும் பத்திரிகை ஒரே பெயர்தான் வைத்திருக்கிறது: கடத்தல்காரன். சந்தனக் கடத்தல்காரர்கள் என்று முத்திரை குத்தித்தான் 1992 ஜூன் 20-ல் வாச்சாத்தி கிராமத்தைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். 2011-ல் தர்மபுரிக் கோர்ட்டு, உயிரோடிருந்த 215 வன, போலீஸ், வருவாய்த் துறை ஊழியர்களையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023-ல் ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. கடத்தல்காரன் என்ற வார்த்தையைப் பற்றி இன்னொரு நாள் தனியாகப் பேச வேண்டும்.

இப்போது கொஞ்சம் இலக்கணம். பள்ளியில் எழுவாய், பயனிலை படித்திருப்பீர்கள். "கந்தன் மாட்டை அடித்தான்." யார் அடித்தான்? கந்தன். எதை? மாட்டை. எல்லாம் தெரிகிறது. "மாடு அடிக்கப்பட்டது." கந்தன் மறைந்தான், ஆனால் யாரோ அடித்தான் என்பதாவது தெரிகிறது. "என்கவுண்டரில் 20 பேர் பலி." இதில் அடித்தவனும் இல்லை, அடியும் இல்லை. மழையில் நாலு பேர் பலி, பஸ் கவிழ்ந்து ஏழு பேர் பலி என்பதுபோல, என்கவுண்டர் என்று ஏதோ ஒன்று காற்றாய் அடித்தது, 20 பேர் விழுந்தார்கள். பலி என்ற சொல்லையும் யோசியுங்கள். கோயிலில் ஆட்டைப் பலி கொடுப்பதற்கு உள்ள சொல் அது. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று கேட்க இடமில்லாமல் தலைப்பு முடிந்துவிடுகிறது.

ஆனால் டீக்கடையில் ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள்? "அவனை என்கவுண்டர் பண்ணிட்டாங்க" என்கிறார்கள். இங்கிலீஷ்காரன் கேட்டால் மயங்கி விழுவான். "அவனை எதிர்ப்படுதல் பண்ணிட்டாங்க" என்று அர்த்தமாகும்! ஆனால் இலக்கணப்படி பாருங்கள். 'அவனை' என்று செத்தவன் வந்துவிட்டான். 'பண்ணிட்டாங்க' என்பதில் செய்தவன் வந்துவிட்டான். பத்திரிகை மறைத்ததை ஜனங்களின் நாக்கு திரும்பப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. அது சந்திப்பு அல்ல, ஒருவர் இன்னொருவருக்குச் செய்கிற காரியம் என்று படிக்காதவனுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த விஷயத்தில் நம் ஜனங்களின் தமிழ்தான் எந்த அகராதியையும்விட யோக்கியமானது என்பேன்.

ஆனால் அதே ஜனங்களைப் பற்றி, அதாவது நம்மைப் பற்றி, கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். தெரிந்தும் கைதட்டுகிறோம். ரவுடியைச் சுட்டால், "நல்லாப் பண்ணாங்க" என்கிறோம். 2019-ல் ஹைதராபாத் அருகே ஒரு பெண் டாக்டரைக் கெடுத்து எரித்துக் கொன்றார்கள். கொடூரத்திலும் கொடூரம். அந்த வழக்கில் பிடிபட்ட நாலு பேரை டிசம்பர் 6 அன்று விடிகாலையில் போலீஸார் சுட்டுக் கொன்றபோது, ஜனங்கள் போலீஸார்மீது பூத் தூவினார்கள், இனிப்பு வழங்கினார்கள். நம் ஊர்களிலும், "அப்படித்தான் செய்யணும்" என்று பேசினோம். நானும் அன்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்னதற்குத் தலையாட்டினேன், ஒப்புக்கொள்கிறேன். சேஷாசலம் நடந்து அப்போது ஐந்து வருஷம்கூட ஆகவில்லை!

பிறகு சுப்ரீம் கோர்ட் ஒரு கமிஷன் வைத்தது. மாஜி நீதிபதி சிர்புர்கர் தலைமை. 2022-ல் அறிக்கை வெளிவந்தது. அந்த நாலு பேரும் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார்கள் என்ற கதை நம்பத் தகுந்ததல்ல, கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள் என்று கமிஷன் சொல்லிற்று. அவர்களில் மூன்று பேர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொல்லிற்று. 10 போலீஸார்மீது கொலை விசாரணை நடத்தச் சிபாரிசு செய்தது. பூத் தூவிய யாராவது அந்த அறிக்கையைப் படித்தார்களா?

ஒரு வார்த்தையை உடைக்க எத்தனை காலம் பிடிக்கும் என்பதற்குப் பக்கத்து வயநாட்டில் ஒரு கதை இருக்கிறது. வர்கீஸ் என்ற இளைஞர் அங்கே ஆதிவாசிக் கூலிகளைத் திரட்டினார். நக்சலைட்; அவருடைய பாதை வேறு, அது இருக்கட்டும். 1970 பிப்ரவரி 18-ல் திருநெல்லிக் காட்டில் என்கவுண்டரில் இறந்தார் என்று போலீஸார் அறிவித்தார்கள். ஊர் நம்பவில்லை. ஆனால் ஊர் நம்பாததற்குக் கோர்ட்டில் மதிப்பு ஏது? வருஷங்கள் ஓடின. 1998-ல் ராமச்சந்திரன் நாயர் என்ற கான்ஸ்டபிள் வாய் திறந்தார். பிடித்துக் கட்டி வைத்திருந்த வர்கீஸை மேலதிகாரி உத்தரவின்பேரில் நான்தான் சுட்டேன் என்றார். 28 வருஷம் அந்த மனிதர் அதைச் சுமந்திருக்கிறார்! சொன்னால் தன்மீதே கொலைக் கேஸ் வரும் என்று தெரிந்துதான் சொன்னார். சி.பி.ஐ. விசாரித்தது. கான்ஸ்டபிள் தீர்ப்பு வருமுன்பே காலமானார். 2010 அக்டோபரில் சி.பி.ஐ. கோர்ட்டு, உத்தரவிட்ட லட்சுமணா என்ற அதிகாரிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. போலீஸ் ஐ.ஜி.யாக உயர்ந்து ஓய்வும் பெற்றுவிட்ட கிழவர் அவர் அப்போது. 40 வருஷம்! அதுவரை சர்க்கார் ஏட்டில் அது என்கவுண்டர்தான். கான்ஸ்டபிளும் நம்மைப் போல் ஏழை வீட்டுப் பிள்ளை என்பதை மறக்கக் கூடாது என்பதற்காகவும் இதைச் சொன்னேன். துப்பாக்கியைப் பிடித்த கையும் கூலிக் கைதான். உத்தரவு மேலிருந்து வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? இதைக் கவனமாகக் கேளுங்கள். கொலையைக் குற்றமல்ல என்று ஆக்குகிற என்கவுண்டர் என்ற விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இல்லை, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை. இருப்பது தற்காப்பு உரிமை மட்டும்தான். அது எனக்கும் உங்களுக்கும் உள்ள அதே உரிமை. என் உயிருக்கு ஆபத்து வந்தது, ஆகவே அடித்தேன் என்று நீங்கள் கோர்ட்டில் ரூபிக்க வேண்டும். போலீஸாரும் அப்படியே ரூபிக்க வேண்டும். பிடிக்கப் போகும்போது எதிர்த்தால் பலத்தை உபயோகிக்கலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கொல்ல அந்த விதி உரிமை தரவில்லை. மரம் வெட்டினால் தூக்கு என்று எந்தச் சட்டமும் இல்லை.

2014 செப்டம்பர் 23 அன்று சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புத் தந்தது. பம்பாய்ப் போலீஸாரின் என்கவுண்டர்கள் பற்றிய வழக்கு. பி.யூ.சி.எல். என்ற மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்தது. போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் என்னென்ன செய்தாக வேண்டும் என்று 16 விதிகளை அந்தத் தீர்ப்பு வகுத்தது. சேஷாசலம் நடப்பதற்கு ஆறரை மாதம் முன்பே! நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

சுட்டு ஒருவர் இறந்தால் உடனே எஃப்.ஐ.ஆர். போட்டுக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். சுட்ட ஸ்டேஷன்காரர்களே விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி.யோ, வேறு ஸ்டேஷன் போலீஸாரோ, சுட்டவர்களுக்கு மேற்பட்ட அதிகாரியின்கீழ் விசாரிக்க வேண்டும். மாஜிஸ்ட்ரேட் விசாரணை கட்டாயம். பிரேதப் பரிசோதனையை ஜில்லா ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும். அவர்களில் ஒருவர் முடிந்தவரை அந்த ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டராக இருக்க வேண்டும். முழுவதையும் வீடியோ எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். சுட்டவர்களுக்கு உடனடியாக வீரப் பதக்கமோ, முறை தாண்டிய பிரமோஷனோ கிடையாது. சுட்ட துப்பாக்கியைப் பரிசோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். இந்த விதிகளை மீறியிருக்கிறார்கள் என்றால், இறந்தவர் குடும்பம் அந்த எல்லையிலுள்ள செஷன்ஸ் நீதிபதியிடம் நேரே மனுக் கொடுக்கலாம். வக்கீல் இல்லையே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். ஜில்லா கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது.

இன்னொன்று நமது வேலை. நமது நோட்டீஸ்களிலும் தட்டிகளிலும் 'என்கவுண்டர்' என்று நாமே எழுதுகிறோம். 'போலி என்கவுண்டர்' என்றுகூட எழுதுகிறோம். போலி என்று ஒன்று இருந்தால் அசல் என்று ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாக ஆகாதா? "2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப் படை 20 தமிழ்க் கூலிகளைச் சுட்டுக் கொன்றது" என்று எழுதுவோம். யார், எப்போது, எங்கே, யாரை, என்ன செய்தது, எல்லாம் இதில் இருக்கின்றன. போலீஸாரே மறுக்காத உண்மை மட்டும்தான் இதில் இருக்கிறது. தற்காப்பா, கொலையா என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். அதைச் சொல்ல வைப்பது நம் பொறுப்பு.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு விதியும் உண்டு, விட்டுவிட்டேன். இறந்தவரின் நெருங்கிய உறவினருக்குக் கூடிய சீக்கிரம் தகவல் சொல்ல வேண்டும். இந்த ஊர்ப் பக்கத்தில் 2015-ல் எப்படித் தகவல் வந்தது என்பதை எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். முன்வரிசையில் இருக்கிற அம்மா ஏதோ கேட்கக் கை தூக்குகிறார்கள். கேளுங்கம்மா.